மின்சுற்றுப் பாவனைத் தரவுகளை வரைபடமாக்கல்

மின்சுற்றுப் பாவனைத் தரவுகளை வரைபடமாக்கல் என்பது, ஒரு மின்சுற்றைக் கணினியில் பாவனை செய்யும் மென்பொருள் கணித்துத் தரும் மின்னழுத்த, மின்னோட்ட மதிப்புகளை, நேரம், அதிர்வெண் போன்ற ஒரு கணியத்தைக் கிடை அச்சாகக் கொண்டு கோடுகளாக வரைந்து காட்டும் செயற்பாடு ஆகும். பாவனையாக்கம் கல்லூரி வழக்கில் சிமுலேசன் என்று அழைக்கப்படுகின்றது. மின்னணுவியல் ஆய்வகத்தில் அலைநோக்கி செய்யும் பணியைப் பாவனை மென்பொருளில் இவ்வரைபடங்கள் செய்கின்றன.

அலைநோக்கியின் திரையும் பாவனை வரைபடமும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றுக்கிடையே அடிப்படையான வேறுபாடு உண்டு. அலைநோக்கி, உண்மையில் இயங்கும் ஒரு சுற்றிலிருந்து அளவீடு செய்கின்றது. பாவனை மென்பொருளோ சமன்பாடுகளைத் தீர்த்துச் சில குறிப்பிட்ட புள்ளிகளில் மட்டும் விடைகளைத் தருகின்றது. அப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட கோடு கணிக்கப்பட்டது அன்று. வரையும் கருவி இட்டு நிரப்பியது ஆகும். எனவே எப்புள்ளிகள் கணிக்கப்பட்டவை, அவை எத்தனை, எந்த அளவுகோலில் வரையப்பட்டுள்ளன என்பவற்றை அறிந்த பின்னரே வரைபடத்திலிருந்து முடிவுகளைப் பெற இயலும். இதனைக் கவனியாது வரைபடத்தை நம்பிச் சுற்றை அமைத்தால் உறுப்புகள் பழுதடைய நேரிடும்.

வரலாறு

இன்று பயன்பாட்டிலுள்ள மின்சுற்றுப் பாவனை மென்பொருள்களுள் பெரும்பாலானவை ஸ்பைஸ் என்னும் நிரலின் வழிவந்தவை. ஒருங்கிணைந்த சுற்றுகளுக்கு முதன்மை தரும் பாவனை நிரல் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே ஸ்பைஸ் என்னும் பெயராயின. அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் லாரன்சு நேகல் இதனை உருவாக்கினார். 1973 ஏப்ரல் மாதத்தில் கனடாவின் வாட்டர்லூ நகரில் நடைபெற்ற சுற்றுக் கோட்பாட்டு மாநாடு ஒன்றில் இது அறிமுகப்படுத்தப்பட்டது. முதற்பதிப்பு போர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டது. நேர இடைவெளி மாறாத கணிப்பு முறையைக் கொண்டிருந்தது. 1975 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில், சுற்றின் நடத்தைக்கு ஏற்ப நேர இடைவெளியைத் தானே மாற்றிக்கொள்ளும் முறை சேர்க்கப்பட்டது.

அக்காலத்தில் வரைபடங்கள் வரி அச்சுப்பொறியில் அச்சிடப்பட்டன. கணினித் தாளின் ஒவ்வொரு வரியும் ஒரு நேரப்புள்ளியைக் குறித்தது. அவ்வரியில் உடுக்குறி இடப்பட்ட இடம் மின்னழுத்தத்தைக் காட்டியது. இதனால் நேர அச்சு இடமிருந்து வலமாக அல்லாமல் மேலிருந்து கீழாகச் சென்றது. தாளைக் குறுக்காகத் திருப்பிப் பார்த்தால் அலைவடிவம் தெரியும். எழுத்துக்குறிகளால் வரையும் இவ்வசதி என்ஜிஸ்பைஸ் மென்பொருளில் ஆஸ்கிபிளாட் என்னும் கட்டளையாகத் தொடர்கின்றது.

1989 இல் தாமசு குவார்ல்சு உருவாக்கிய மூன்றாம் பதிப்பு சி நிரலாக்க மொழியில் எழுதப்பட்டது. இதில் எக்சு சாளர முறைமையில் வரைபடங்களைத் திரையில் காட்டும் வசதி சேர்ந்தது. வரைபடம் வரையவும் தரவுகளைக் கையாளவும் அமைந்த பகுதிக்கு நட்மெக், அதாவது சாதிக்காய், என்று பெயரிடப்பட்டது. ஸ்பைஸ் என்னும் சொல்லுக்கு நறுமணப் பொருள் என்னும் பொருள் இருப்பதே இப்பெயருக்குக் காரணமாகும்.

தனியாள் கணினிகளுக்காக மைக்ரோசிம் நிறுவனம் 1984 இல் பிஸ்பைஸ் மென்பொருளை வெளியிட்டது. இதன் வரைபடக் கருவி புரோப் எனப்பட்டது. லீனியர் டெக்னாலஜி நிறுவனம் வெளியிட்ட எல்டிஸ்பைஸ், 2017 இல் அந்நிறுவனம் வாங்கப்பட்டதைத் தொடர்ந்து அனலாக் டிவைசசு நிறுவனத்தின் வசமானது. ஸ்பைசு உருவாக்கம் பொறியியலின் மைல்கல்களுள் ஒன்றாக 2011 இல் ஐ-டிரிப்பிள்-ஈ அமைப்பால் அறிவிக்கப்பட்டது.

இந்தியாவில்: ஈசிம்

இந்தியாவில் கல்வி நோக்கத்திற்காக உருவாக்கப்பட்ட மின்சுற்றுப் பாவனைத் தொகுப்பு ஈசிம் ஆகும். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பாசி திட்டத்தினர் இதனை உருவாக்கினர். கல்விக்கான கட்டற்ற, திறமூல மென்பொருள் என்பது இத்திட்டப் பெயரின் விரிவாகும். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் இயங்கிய இத்திட்டம் இந்திய அரசின் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் வழியான தேசியக் கல்வித் திட்டத்தின் நிதியுதவியைப் பெற்றது. ஈசிம் முன்னர் ஆஸ்கேட் என்னும் பெயரில் வெளிவந்தது. 2013 இல் ஆஸ்கேட் குறித்த நூல் ஒன்றும் வெளியிடப்பட்டது.

ஈசிம் முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட மென்பொருள் அன்று. ஏற்கெனவே உள்ள கட்டற்ற மென்பொருள்களை ஒன்றிணைத்து அமைக்கப்பட்டது. சுற்றுப்படம் வரையக் கிகேட் மென்பொருளும், பாவனைக் கணிப்பிற்கு என்ஜிஸ்பைஸ் மென்பொருளும் பயன்படுகின்றன. என்ஜிஸ்பைஸ், பெர்க்லி ஸ்பைசின் மூன்றாம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது.

ஈசிம் தொகுப்பில் வரைபடங்களை இரண்டு வழிகளில் காணலாம்:

1. என்ஜிஸ்பைசின் சொந்த வரைபடச் சாளரம். இங்குப் பிளாட் என்னும் கட்டளையைத் தட்டச்சிட்டு வேண்டிய கணுவின் மின்னழுத்தத்தை வரையலாம். இக்கட்டளைகள் உரோமன் எழுத்துகளில் உள்ளிடப்படுகின்றன.
2. பைத்தான் வரைபடச் சாளரம். பாவனை முடிந்ததும் மின்னழுத்தங்களும் மின்னோட்டங்களும் தனித்தனி உரைக் கோப்புகளில் எழுதப்படுகின்றன. பைத்தானின் மேட்பிளாட்லிப் நிரலகம் அவற்றைப் படித்து வரைகின்றது. கணுக்களின் பட்டியலில் வேண்டியவற்றைத் தெரிவு செய்து பொத்தானை அழுத்தினால் போதும்.

இத்தகைய மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை; ஒருமுறை நிறுவிய பின்னர் இணைய இணைப்பும் தேவையில்லை. எனவே கல்லூரி ஆய்வகத்தில் மட்டுமன்றி, தருமபுரி மாவட்டத்தின் வத்தல்மலை போன்ற மலையூர்களில் உள்ள வீட்டுக் கணினியிலும் ஒரு மாணவர் இதே பயிற்சிகளைச் செய்து பார்க்கலாம்.

தரவு உருவாகும் முறை

பாவனை மென்பொருளுக்குச் சுற்று ஓர் இணைப்புப் பட்டியலாக வழங்கப்படுகின்றது. இது நெட்லிஸ்ட் எனப்படும். ஒவ்வொரு உறுப்பும் எந்தெந்தக் கணுக்களுக்கு இடையே உள்ளது, அதன் மதிப்பு என்ன என்பவை இதில் வரி வரியாக எழுதப்படுகின்றன. மென்பொருள், கிர்க்காஃபின் மின்னோட்ட விதியை ஒவ்வொரு கணுவிற்கும் பொருத்தி ஓர் அணிச் சமன்பாட்டை அமைக்கின்றது. டயோடு, டிரான்சிஸ்டர் போன்ற நேரியலற்ற உறுப்புகள் இருப்பின் நியூட்டன்-ராப்சன் முறைப்படி விடை திரும்பத் திரும்பத் திருத்தப்படுகின்றது.

நேரத்தைச் சார்ந்த கணிப்பில் மின்தேக்கி, மின்தூண்டி ஆகியவற்றின் வகைக்கெழுச் சமன்பாடுகள் சரிவக விதி அல்லது கியர் முறை கொண்டு தீர்க்கப்படுகின்றன. ஒவ்வோர் அடியிலும் ஏற்பட்ட பிழையை மென்பொருள் மதிப்பிடுகின்றது. மின்னழுத்தம் விரைந்து மாறும் இடத்தில் அடி குறுக்கப்படுகின்றது; மெதுவாக மாறும் இடத்தில் நீட்டப்படுகின்றது. எனவே தரவுப் புள்ளிகள் நேர அச்சில் சம இடைவெளியில் அமைவதில்லை.

இவ்வுண்மை சராசரி கணிக்கும்போது முதன்மை பெறுகின்றது. எடுத்துக்காட்டாக, ஓர் அலை 9 மில்லி நொடி நேரம் 5 வோல்ட்டிலும், அடுத்த 1 மில்லி நொடி நேரம் 0 வோல்ட்டிலும் உள்ளது எனக் கொள்வோம். முதற்பகுதியில் 10 புள்ளிகளும் இரண்டாம் பகுதியில் 90 புள்ளிகளும் கணிக்கப்பட்டிருப்பின், 100 எண்களையும் கூட்டி 100 ஆல் வகுத்தால் 0.5 வோல்ட் கிடைக்கும். உண்மையான சராசரி 4.5 வோல்ட் ஆகும். ஒவ்வொரு மதிப்பையும் அதற்குரிய நேர இடைவெளியால் பெருக்கிக் கூட்டுவதே சரியான முறையாகும்.

தரவுக் கோப்பு

ஸ்பைஸ் வழிவந்த மென்பொருள்கள் விடைகளை ரா கோப்பு எனப்படும் வடிவில் சேமிக்கின்றன. இதன் தலைப்பகுதியில் சுற்றின் பெயர், நாள், பகுப்பாய்வின் வகை, எண்கள் மெய்யெண்களா சிக்கலெண்களா என்னும் குறிப்பு, மாறிகளின் எண்ணிக்கை, புள்ளிகளின் எண்ணிக்கை ஆகியவை உள்ளன. தொடர்ந்து மாறிகளின் பெயர்ப் பட்டியலும் எண்களும் வருகின்றன. எண்கள் இரும வடிவிலோ உரை வடிவிலோ இருக்கலாம்.

இரும வடிவில் ஒரு மெய்யெண் 8 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். நேரத்துடன் 10 கணுக்களைச் சேர்த்து 11 மாறிகளுக்கு 1,00,000 புள்ளிகள் சேமிக்கப்பட்டால் கோப்பு 88 இலட்சம் பைட்டுகள் அளவுடையதாகும். பெரிய சுற்றுகளில் வேண்டிய கணுக்களை மட்டும் சேமிப்பது இதனாலேயே வழக்கமாயிற்று. எல்டிஸ்பைஸ் இயல்பாகவே தரவைச் சுருக்கிச் சேமிக்கின்றது. இச்சுருக்கத்தில் சிறிது தகவல் இழக்கப்படுவதால், நுட்பமான அலைப் பகுப்பாய்வு செய்வோர் அமைப்பில் இதனை நிறுத்தி வைப்பர்.

பகுப்பாய்வு வகைகளும் அச்சுகளும்

நிலைமாறு பகுப்பாய்வு

இதில் கிடை அச்சு நேரம் ஆகும். 1 கிலோ ஓம் மின்தடையமும் 1 மைக்ரோ பாரட் மின்தேக்கியும் தொடராக இணைந்த சுற்றின் கால மாறிலி 1 மில்லி நொடி. இதற்குத் திடீரென 5 வோல்ட் அளித்தால் மின்தேக்கியின் மின்னழுத்தம் 1 மில்லி நொடியில் 3.16 வோல்ட்டையும், 2 மில்லி நொடியில் 4.32 வோல்ட்டையும், 5 மில்லி நொடியில் 4.97 வோல்ட்டையும் அடையும். கையால் எளிதில் கணிக்கக்கூடிய இச்சுற்று, புதிதாக நிறுவிய மென்பொருளையும் வரைபட அமைப்புகளையும் சரிபார்க்க ஏற்றது.

நேர்மின் பகுப்பாய்வு

இதில் ஒரு மூலத்தின் மின்னழுத்தம் படிப்படியாக மாற்றப்பட்டு, ஒவ்வொரு படியிலும் நிலையான விடை கணிக்கப்படுகின்றது. டயோடின் மின்னோட்ட-மின்னழுத்த வளைகோடு இவ்வகையைச் சார்ந்தது.

இவ்வளைகோட்டில் அச்சின் அளவுகோல் எத்துணை முதன்மையானது என்பதைக் காணலாம். ஸ்பைசின் இயல்பான டயோடு மாதிரியில் தெவிட்டு மின்னோட்டம் 10 இன் அடுக்கு -14 ஆம்பியர், வெப்பநிலை 27 பாகை செல்சியசு. இம்மாதிரியில் 1 மில்லி ஆம்பியர் பாய 0.655 வோல்ட் தேவை. 1 மைக்ரோ ஆம்பியர் பாய 0.476 வோல்ட் போதும். நிலைக்குத்து அச்சு மில்லி ஆம்பியரில் இருப்பின், டயோடு 0.6 வோல்ட்டிற்குச் சற்று மேல் திடீரெனக் கடத்தத் தொடங்குவது போலத் தோன்றும். அதே தரவை மைக்ரோ ஆம்பியர் அளவுகோலில் வரைந்தால் அம்முழங்கால் வளைவு 0.4 வோல்ட்டிற்கு மேல் தெரியும். மடக்கை அளவுகோலில் வளைவே மறைந்து நேர்கோடு கிடைக்கும். மின்னோட்டம் பத்து மடங்காவதற்கு ஏறத்தாழ 60 மில்லி வோல்ட் தேவை என்பது அதன் சாய்விலிருந்து பெறப்படும். அதாவது முழங்கால் மின்னழுத்தம் என்பது டயோடின் பண்பு மட்டுமன்று. வரைபடத்தின் அளவுகோலையும் சார்ந்தது.

அதிர்வெண் பகுப்பாய்வு

இதில் கிடை அச்சு அதிர்வெண்; பெரும்பாலும் மடக்கை அளவுகோலில் வரையப்படும். விடைகள் சிக்கலெண்களாதலால் வீச்சும் கட்டமும் தனித்தனியே வரையப்படுகின்றன. வீச்சு டெசிபல் அலகில் காட்டப்படும். மேற்கூறிய 1 கிலோ ஓம், 1 மைக்ரோ பாரட் சுற்று ஒரு தாழ் அதிர்வெண் வடிகட்டியாகும். அதன் வெட்டு அதிர்வெண் 159 எர்ட்சு. அவ்விடத்தில் வீச்சு -3 டெசிபலும் கட்டம் -45 பாகையும் ஆகும். 1590 எர்ட்சில் வீச்சு ஏறத்தாழ -20 டெசிபலாகக் குறையும்.

இவ்வகை வரைபடங்களில் கவனிக்க வேண்டியவை:

- என்ஜிஸ்பைஸ் கட்டக்கோணத்தை இயல்பாக ரேடியனில் தருகின்றது. -45 பாகை என எதிர்பார்க்கும் இடத்தில் -0.785 என்று தோன்றுவது இதனாலாகும். அலகைப் பாகைக்கு மாற்றும் அமைப்பு உண்டு.
- கட்டம் -180 பாகையைக் கடக்கும்போது +180 பாகைக்குத் தாவுவது போல வரையப்படலாம். இது சுற்றில் நிகழும் தாவல் அன்று. கோணத்தைக் குறிக்கும் முறையால் விளைவது.
- இப்பகுப்பாய்வு, சுற்றை நேரியலாக்கிய பின்னர் செய்யப்படுகின்றது. உள்ளீட்டை 1 வோல்ட் எனக் கொள்வது வழக்கம். அப்போது வெளியீட்டின் எண்ணே பெருக்கம் ஆகும். 12 வோல்ட் மின்வழங்கி கொண்ட பெருக்கியின் வரைபடம் 100 வோல்ட் காட்டினால், பெருக்கம் 100 என்பதே பொருள். உண்மைச் சுற்று அம்மின்னழுத்தத்தைத் தராது.

புள்ளிகளின் எண்ணிக்கையும் பிழையும்

பெரும்பாலான கருவிகள் அடுத்தடுத்த புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கின்றன. ஒரு சைன் அலையின் முகடு இரண்டு புள்ளிகளுக்குச் சரியாக நடுவே அமைந்தால் வரைபடத்தில் முகடு வெட்டுண்டு தெரியும். மிக மோசமான நிலையில் வரைபடம் காட்டும் முகடு, உண்மை முகட்டின் விழுக்காடாகக் கீழே தரப்படுகின்றது:

- ஒரு சுழற்சிக்கு 4 புள்ளிகள்: 70.7%
- ஒரு சுழற்சிக்கு 10 புள்ளிகள்: 95.1%
- ஒரு சுழற்சிக்கு 20 புள்ளிகள்: 98.8%
- ஒரு சுழற்சிக்கு 100 புள்ளிகள்: 99.95%

சமமான நேர இடைவெளியில் ஒரு சுழற்சிக்கு நான்கே புள்ளிகள் கணிக்கப்பட்டால் 10 வோல்ட் முகடுடைய அலை 7.07 வோல்ட் முகடுடையதாகத் தோன்றக்கூடும். 7.07 என்பது அவ்வலையின் இருமடி மூலச் சராசரி மதிப்பும் ஆகும் என்பதால், மென்பொருள் சராசரியைக் காட்டுகின்றது என்று மாணவர்கள் தவறாகப் பொருள்கொள்ள இடமுண்டு.

மென்பொருள் அடியைத் தானே குறுக்கிக்கொள்ளும் எனில் இப்பிழை ஏன் நிகழ வேண்டும் என்னும் கேள்வி எழலாம். பிழை மதிப்பீடு, மின்தேக்கி, மின்தூண்டி போன்ற ஆற்றல் சேமிக்கும் உறுப்புகளைக் கொண்டே செய்யப்படுகின்றது. மின்தடையங்கள் மட்டும் உள்ள சுற்றில் மதிப்பிட ஏதுமில்லை. எனவே மென்பொருள் அனுமதிக்கப்பட்ட மிகப்பெரிய அடியையே எடுத்து வைக்கும். அதன் விளைவாக ஓர் எளிய மின்னழுத்தப் பகிர்வுச் சுற்றின் சைன் அலை, சிக்கலான சுற்றின் அலையை விடக் கோணல்மாணலாகத் தோன்றுவது உண்டு.

என்ஜிஸ்பைசில் அடியின் மேல்வரம்பைப் பயனர் குறிப்பிடாவிட்டால், குறிப்பிட்ட நேரப்படி, மொத்த நேரத்தில் 50 இல் ஒரு பங்கு ஆகிய இரண்டில் சிறியது வரம்பாகக் கொள்ளப்படுகின்றது. டிரான் கட்டளையின் நான்காவது எண்ணாக இவ்வரம்பைத் தரலாம். சைன் அலைகளுக்கு ஒரு சுழற்சியின் 100 இல் ஒரு பங்கை வரம்பாகக் கொள்வது பெரும்பாலான தேவைகளுக்குப் போதுமானது.

அதிர்வெண் பகுப்பாய்விலும் இதே சிக்கல் உண்டு. ஒரு பத்து மடங்கு அதிர்வெண் எல்லைக்கு 10 புள்ளிகள் என அமைத்தால், 1000 எர்ட்சை அடுத்த புள்ளி 1259 எர்ட்சில் அமையும். 1122 எர்ட்சில் ஒத்ததிர்வும் 100 தரக்காரணியும் கொண்ட தொடர் சுற்றின் அலைவரிசை அகலம் ஏறத்தாழ 11 எர்ட்சு மட்டுமே. 1000, 1259 ஆகிய இரு புள்ளிகளிலும் அதன் மின்னோட்டம் முகட்டின் 4% அளவே ஆகும். வரைபடத்தில் ஒத்ததிர்வு இருப்பதற்கான பெரிய அடையாளமே தெரியாது.

எடுத்துக்காட்டு: சமனச்சுற்று அலைதிருத்தி

இந்திய வீட்டு மின்வழங்கலின் அதிர்வெண் 50 எர்ட்சு. மின்மாற்றியின் 12 வோல்ட் துணைச்சுருள், நான்கு டயோடுகள், 1000 மைக்ரோ பாரட் மின்தேக்கி, 100 ஓம் சுமை ஆகியவற்றைக் கொண்ட முழு அலைதிருத்தியைக் கொள்வோம். 12 வோல்ட்டின் முகடு 16.97 வோல்ட். இரு டயோடுகளின் இழப்பைக் கழித்தால் மின்தேக்கி ஏறத்தாழ 15.6 வோல்ட் வரை மின்னேற்றம் பெறும். சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 0.15 ஆம்பியர்.

வெளியீட்டை 0 முதல் 20 வோல்ட் வரையுள்ள அச்சில் வரைந்தால் ஏறத்தாழ நேரான ஒரு கோடு தெரியும். அச்சை 14 முதல் 16 வோல்ட் வரை குறுக்கினால், 10 மில்லி நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சிற்றலை தெளிவாகும். இரண்டு வரைபடங்களும் சரியானவையே. ஆனால் விடையளிக்கும் கேள்விகள் வேறு. முதலாவது, சுமைக்குப் போதிய மின்னழுத்தம் கிடைக்கின்றதா என்பதைக் காட்டுகின்றது. இரண்டாவது, ஒலிபெருக்கிக்கு இவ்வழங்கி போதுமான தூய்மையுடையதா என்பதைக் காட்டுகின்றது.

டயோடின் மின்னோட்டத்தை வரைந்தால் வேறொரு செய்தி வெளிப்படும். மின்மாற்றியின் மின்னழுத்தம் மின்தேக்கியினுடையதை விஞ்சும் சிறு நேரத்தில் மட்டுமே டயோடுகள் கடத்துகின்றன. ஒவ்வொரு 10 மில்லி நொடியிலும் இது ஏறத்தாழ 1.5 மில்லி நொடி மட்டுமே நீடிக்கும். 10 மில்லி நொடியில் சுமை எடுக்கும் மின்னூட்டம் முழுவதும் அச்சிறு நேரத்தில் வந்தாக வேண்டும். எனவே அந்நேரத்தில் சராசரியாக 1 ஆம்பியரும், முகட்டில் அதைவிட மிகுதியாகவும் பாயும். மூலத்தின் மின்தடையைக் கணக்கில் சேர்த்தால் முகடு சற்றுக் குறையும்.

தரவு 1 மில்லி நொடிக்கு ஒரு புள்ளியாக மட்டும் சேமிக்கப்பட்டிருப்பின் இத்துடிப்பின் உச்சி வரைபடத்தில் விடுபட்டுப் போகலாம். சுமை மின்னோட்டத்தை மட்டும் பார்த்து டயோடையும் உருகியையும் தெரிவு செய்பவர் பல மடங்கு பெரிய முகட்டைக் கணக்கில் கொள்ளாதவராவார். முதன்முதலில் இணைக்கும்போது வெறுமையான மின்தேக்கி ஈர்க்கும் தொடக்க மின்னோட்டம் இதனினும் மிகுதி. பாவனையின் தொடக்கப் பகுதியை வெட்டிவிட்டு வரையும் வழக்கம் உள்ளவர்கள் அதனைக் காண்பதே இல்லை.

மின்னோட்டத்தின் குறி

ஸ்பைசில் மின்னழுத்த மூலத்தின் மின்னோட்டம், அதன் நேர்முனையில் நுழைந்து மூலத்தின் உள்ளே சென்று எதிர்முனையில் வெளியேறுவதாகக் கொள்ளப்படுகின்றது. எனவே 5 வோல்ட் மூலத்துடன் 1 கிலோ ஓம் மின்தடையம் இணைந்த சுற்றில், மூலத்தின் மின்னோட்டம் -5 மில்லி ஆம்பியர் என்று வரையப்படும். இது பிழையன்று, ஆற்றலை வழங்கும் மூலத்திற்கு எதிர்க்குறி வருவது இயல்பு. ஒரு கிளையின் மின்னோட்டத்தை வரைய, அக்கிளையில் 0 வோல்ட் மூலம் ஒன்றைத் தொடராகச் சேர்ப்பது பழைய வழக்கமாகும். அது அம்மீட்டர் போலச் செயற்படும்; சுற்றின் நடத்தையை மாற்றாது.

பொய்யான அலைவுகள்

சரிவக விதியைப் பயன்படுத்தும் கணிப்பில், திடீரெனத் திறக்கும் நிலைமாற்றி, மின்தூண்டி போன்றவை உள்ள சுற்றுகளில், ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழுமாக மாறும் அலைவு தோன்றுவது உண்டு. இது சுற்றில் இல்லாதது. கணிப்பு முறையால் விளைவது. இதனை இனங்காண இரு வழிகள் உள்ளன. முதலாவதாக, கோடுகளுக்குப் பதிலாகப் புள்ளிகளை வரையுமாறு பணித்தால், அலைவின் ஒவ்வோர் அரைச்சுழற்சியிலும் ஒரே புள்ளி இருப்பது தெரியும். இரண்டாவதாக, நேர அடியைக் குறைத்தால் பொய் அலைவின் அதிர்வெண் மாறும்; உண்மை அலைவின் அதிர்வெண் மாறாது. கணிப்பு முறையைக் கியர் முறைக்கு மாற்றினால் பொய் அலைவு மறையும். எனினும் கியர் முறை உண்மையான அலைவுகளையும் ஓரளவு தணிக்கும் இயல்புடையது.

நிறமாலை வரைபடம்

அலையில் அடங்கியுள்ள அதிர்வெண்களைக் காட்ட விரைவு ஃபூரியே உருமாற்றம் பயன்படுகின்றது. இவ்வுருமாற்றத்திற்குச் சம இடைவெளியில் அமைந்த புள்ளிகள் தேவை. பாவனைத் தரவு அவ்வாறு அமையாததால், என்ஜிஸ்பைசில் முதலில் லீனியரைஸ் என்னும் கட்டளையால் இடைச்செருகல் செய்து சம இடைவெளித் தரவைப் பெறவேண்டும்.

நிறமாலையின் நுணுக்கம் மொத்த நேரத்தைச் சார்ந்தது. 100 மில்லி நொடித் தரவிலிருந்து 10 எர்ட்சு இடைவெளியிலேயே கோடுகள் கிடைக்கும். எடுக்கப்பட்ட நேரத்தில் அலையின் முழுச் சுழற்சிகள் அடங்காவிட்டால் ஒரே அதிர்வெண் பக்கவாட்டில் பரவித் தோன்றும். இதனைக் குறைக்க ஆனிங் சாளரம் போன்ற எடையிடும் முறைகள் கையாளப்படுகின்றன.

வெளிக் கருவிகள்

பாவனை மென்பொருளின் சொந்தச் சாளரம் விரைவாகப் பார்ப்பதற்கு உகந்தது. அறிக்கைகளுக்கும் ஆய்வேடுகளுக்கும் தரவை வெளியே எடுத்து வரைவது வழக்கம். என்ஜிஸ்பைசின் டபிள்யூஆர்டேட்டா கட்டளை எண்களை நிரல்களாக உரைக் கோப்பில் எழுதுகின்றது. இயல்பாக ஒவ்வொரு மாறிக்கும் முன்னர் நேர நிரல் மீண்டும் எழுதப்படும் என்பதால், இரண்டாம் மாறி மூன்றாம் நிரலில் அன்றி நான்காம் நிரலில் அமையும். அக்கோப்பை குனுபிளாட், மேட்பிளாட்லிப், சைலேப், விரிதாள் ஆகியவற்றில் திறக்கலாம். சம இடைவெளி இல்லாத தரவை விரிதாளில் வரையும்போது சிதறல் வரைபட வகையைத் தெரிவு செய்தல் வேண்டும். சாதாரணக் கோட்டு வரைபட வகை எல்லாப் புள்ளிகளையும் சம இடைவெளியில் அடுக்குவதால் அலைவடிவம் சிதைந்துவிடும்.

வரைபடத்தைச் சரிபார்த்தல்

ஒரு பாவனை வரைபடத்தை ஏற்பதற்கு முன்னர் பின்வரும் சோதனைகள் செய்யப்படலாம்:

- கையால் கணிக்கத்தக்க ஒரு புள்ளியையேனும் வரைபடத்துடன் ஒப்பிடுதல். தொடக்க மதிப்பு, இறுதி மதிப்பு, கால மாறிலி ஆகியவை இதற்கு ஏற்றவை.
- நேர அடியின் மேல்வரம்பைப் பாதியாக்கி மீண்டும் பாவனை செய்தல். வரைபடம் கண்ணுக்குத் தெரியுமளவு மாறினால் முந்தைய வரைபடத்தில் புள்ளிகள் போதவில்லை என்பது பொருள்.
- கோட்டுடன் புள்ளிகளையும் சேர்த்து வரைந்து, முகடுகளின் அருகே போதிய புள்ளிகள் உள்ளனவா எனக் காணுதல்.
- ஒரு கணுவில் சேரும் மின்னோட்டங்கள் அனைத்தையும் கூட்டி வரைதல். கிர்க்காஃபின் விதிப்படி அக்கோடு சுழியில் அமைதல் வேண்டும். அமையாவிட்டால் குறியிலோ கிளைத் தெரிவிலோ தவறு உள்ளது.
- அச்சுகளின் பெயர், அலகு, தொடக்க மதிப்பு ஆகியவற்றைக் குறிப்பிடுதல். சுழியில் தொடங்காத அச்சு சிறு மாற்றத்தைப் பெரிதாகக் காட்டும்.

இச்சோதனைகள் வரைபடம் கணிப்பிற்கு உண்மையானதா என்பதை மட்டுமே உறுதி செய்கின்றன. கணிப்பு, சுற்றுக்கு உண்மையானதா என்பது உறுப்புகளின் மாதிரிகளைப் பொறுத்தது. டயோடின் வெப்பநிலை, மின்தேக்கியின் உள்மின்தடை, இணைப்புக் கம்பியின் தூண்டல் ஆகியவை இணைப்புப் பட்டியலில் எழுதப்படாவிட்டால் வரைபடத்திலும் தோன்றா. இதனாலேயே பாவனை வரைபடமும் அலைநோக்கியின் அளவீடும் அருகருகே வைத்து ஒப்பிடப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

- அலைநோக்கி
- கிர்க்காஃபின் மின்சுற்று விதிகள்
- ஃபூரியே உருமாற்றம்
- அலைதிருத்தி
- கட்டற்ற மென்பொருள்